மோட்டார் வார்னிஷ் பூசிய கேம் பெட்டி

தம்பி என்னோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட ஓர் அட்டைப்பெட்டி குமாரபாளையத்தில் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பழைய துண்டில் சுற்றிய வீடியோ கேம் பெட்டி. கூடவே ஒரு கவரில் விரல் நகம் அளவுக்கு ஒரு சிப், ஒரு சுருள் வயர், எதை எங்கே ஒட்டவேண்டும் என்று படம் போட்ட தாள். என் வீட்டுக்காரரின் போனுக்குத் தம்பி குரலைப் பதிந்து அனுப்பியிருந்தான்.

"மாமா, அது எங்கூட்டுக்காரியோட பெட்டிங்க. லென்ஸ் போயிருச்சு, டிஸ்க் ஒண்ணையும் படிக்க மாட்டீங்குது. இந்த சிப்பப் போட்டா டிஸ்க்கோட நகல மெமரி கார்டுல வெச்சு ஆடலாங்கறாங்க. சிப்பு நல்லதா, போடலாமான்னு பாத்துப் போடச் சொல்லுங்க. புதங்கெழமை வந்து வாங்கிக்கறேன்."

யாரைப் போடச் சொல்கிறான்? என்னைத்தான். பட்டறையில் போர்டு வேலை பார்ப்பவள் நான். விசைத்தறியில் டிசைன் போடும் ஜக்கார்டு பெட்டிகளின் எலக்ட்ரானிக் கார்டு பழுதானால் என் மேசைக்கு வரும். பக்கத்து மேசையில் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுவார். அந்தப் பதிவில் அக்கா என்று ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

சண்டைக்குக் காரணம் என் வாய். தம்பி போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதி வடநாட்டில் கிடப்பான், மழைக்காலத்தில் ஊர் திரும்புவான். அவனுடைய நிச்சயத்தன்று பெண் வீட்டார் நடுவே உட்கார்ந்துகொண்டு, "இவனுக்குப் பூமியில ஓட்டை போடத் தெரியும், வேற ஒரு பொழப்பும் தெரியாது" என்றேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அவன் முகம் செத்துப்போயிற்று. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் பக்கத்தில் வைத்து, அவளுக்குப் புடவை கொடுத்துச் செய்கிற சீர். அதை அவன் பெரியப்பா மகளை வைத்துச் செய்துகொண்டான். சொந்த அக்கா நான் மூன்றாம் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்கார்ந்து கையைக்கூட நனைக்காமல் பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ரோஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு.

இப்போது இந்தப் பெட்டி. இது நல்லபடியாக வேலை செய்தால் புதன்கிழமை அவன் என் வாசல்படி ஏறுவான். கெட்டுப்போனால் அத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். இருந்த ஒரே நூல் அதுதான்.

முதலில் சிப்பைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். குறை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். ஆனால் சிப்பைக் குறை சொல்ல முடியவில்லை. ஈயம் எல்லாக் கால்களிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தது. போலிச் சரக்கில் மேலே இருக்கும் நம்பரைச் சுரண்டியிருப்பார்கள், இதில் தெளிவாக இருந்தது. பெட்டியில் வைக்காமல் தனியாகக் கரண்டு கொடுத்து அரை மணி நேரம் விட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை.

கூட வந்த வயர்தான் குப்பை. சூட்டுக்கோல் பட்டதும் மேலுறை சுருங்கி ஓடியது. அதைவிட மோசம் அந்தத் தாள். பெட்டிக்குள் இருந்த போர்டின் பதிப்பு எண் ஒன்று, தாளில் இருந்தது வேறு. இரண்டு இடங்கள் மாறியிருந்தன. தாளை நம்பி ஒட்டியிருந்தால் பெட்டி சாம்பிராணி போட்டிருக்கும். மீட்டரை வைத்து ஒவ்வொரு தடமாகத் தொட்டுத் தொட்டு, சரியான பதினொரு இடத்தையும் கண்டுபிடித்துப் பேனாவால் குறித்துக்கொண்டேன்.

வயருக்கு வீட்டுக்காரரிடம் கேட்டேன். காயில் கட்டும் செப்புக் கம்பியில் ஆக மெல்லியதைத் தேடி எடுத்து, நான் கேட்காமலே பதினொரு துண்டாக வெட்டி, முனைகளில் எனாமலைச் சுரண்டிக் கொடுத்தார்.

"உன் தம்பிக்குன்னா கை நடுங்குது பாரு அம்மிணி" என்றார்.

"ஒண்ணும் நடுங்கல. உங்க வேலையப் பாருங்க" என்றேன். அவர் என் கை அருகில் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து வைத்தார், மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொள்ள.

பதினொரு இடத்தையும் ஒட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை அணைத்து அணைத்து இருபது முறை போட்டேன். பத்தொன்பது முறை உடனே வந்தது, ஒருமுறை யோசித்துவிட்டு வந்தது. பத்தொன்பது போதும் என்று விடுகிற ஆள் நானில்லை. ஒரு முனையில் ஈயம் மங்கலாக இருந்தது, அதை மறுபடி ஒட்டினேன். பிறகு இருபதுக்கு இருபது. மூடி போட்டு ஒரு மணி நேரம் கார் ஓட்டும் ஆட்டம் ஒன்றை ஓடவிட்டேன். வீட்டுக்காரர் மூன்று முறை காரைப் பள்ளத்தில் தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை மதியம், கட்டி வைப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று திறந்து வைத்துவிட்டுச் சோறாக்கப் போனேன். திரும்பி வந்தால் மேசையில் நூறு வாட் குண்டு பல்பு எரிகிறது. அதற்கு அடியில் தம்பி பெட்டியின் போர்டு தேன் ஊற்றிய மாதிரி மினுமினுவென்று இருக்கிறது. வீட்டுக்காரர் கையில் வார்னிஷ் பிரஷ்.

"பஞ்சு பூந்துருமேன்னு ஒரு கை அடிச்சு உட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

எங்கள் ஊரில் இது தவறே இல்லை. தறி ஓடுகிற ஊரில் பஞ்சு எதற்குள்ளும் போகும், சோற்றிலும் இருக்கும். வார்னிஷ் அடிக்காத கார்டை எந்தத் தறிக்காரரும் வாங்கிக்கொண்டு போகமாட்டார். ஆனால் அடிப்பதற்கு முன்னால் கேபிள் செருகும் வாய்களை டேப் ஒட்டி நான் மறைத்துவிடுவேன். அது அவருக்குத் தெரியாது. காயிலுக்கு ஊற்றுவது மாதிரி தாராளமாக ஊற்றியிருந்தார். பெட்டியைப் போட்டேன். விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"ஏனுங்க, உங்களை யாருங்க அதைத் தொடச் சொன்னது? இருபது வருசமா என் மேசை வேலையத் தொடாத ஆளு, இன்னைக்குத்தான் தொடோணுமா?" என்று ஆரம்பித்து, அவருடைய பரம்பரை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றார். கோபம் தீர்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"வெசனப்படாத. சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல பழைய பெட்டி விக்கற கடை இருக்குது. காத்தால போயி இதே மாதிரி ஒண்ணு வாங்கியாரேன். அவனுக்கு என்ன தெரியப் போவுது?"

தெரியும். அவன் மனைவி ஆடிச் சேர்த்து வைத்ததெல்லாம் இந்தப் போர்டில்தான் இருக்கிறது. அது இருக்கட்டும், ஏற்கெனவே எங்களுக்கு நடுவில் கிடப்பது போதாதென்று பொய் ஒன்றையும் கொண்டுபோய்ப் போட எனக்கு மனசில்லை. போனை எடுத்து இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் நம்பரைப் போட்டேன்.

"தம்பி, பெட்டியக் கெடுத்துப்போட்டோம். நல்லாத்தான் ஓடுச்சு. உங்க மாமா வார்னிஷ் அடிச்சுட்டாரு. என்னை என்ன வேணாலும் பேசிக்கோ."

"எந்த வார்னிஷு?"

"மோட்டாருக்கு அடிக்கறது."

"சும்மா காயறதா, சுட வெக்கறதா?"

"சும்மா காயறது."

"அப்ப தின்னருக்கு உட்ரும். பல்புச் சூட்டுல இறுகிரும், அணைச்சுப் போடு. ஒண்ணுந் தொடாத, நான் வாரேன்."

ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டான். உள்ளே வந்தவன் நேராக மேசைக்குப் போனான். அவர்கள் ரிக் மோட்டாரிலும் இதே கூத்து நடக்குமாம். ஒரு கோணி ஊசியில் துணியைச் சுற்றி, தின்னரில் தொட்டு, கேபிள் வாயை அவன் துடைக்கத் துடைக்க, நான் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் இடதுபக்கம், இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஒட்டிய பதினொரு முனையில் ஒன்றுகூட அசையவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டுத் துணியை மாற்றிச் சுற்றிக்கொண்டான்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சாமி" என்றேன். கண்ணாடியைப் பிடித்திருந்ததால் அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் வெளிச்சங் காட்டு" என்றான்.

மூன்றாவது முறை போட்டபோது திரையில் படம் வந்தது. வீட்டுக்காரர் அப்போதுதான் மூச்சு விட்டார். தம்பி கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, பைக்கிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்தான்.

"நாளைக்குக் கொண்டாரலாம்னு இருந்தது. கெளம்பறப்ப எங்கூட்டுக்காரி கையில குடுத்துட்டா."

உள்ளே அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் லேசாக வெளுத்திருந்தது.

"இணைச்சீருக்கு எடுத்தது. நிச்சயத்துக்கு முந்தியே எடுத்தாச்சு. பெரியப்பா மகளுக்கு இதக் குடுக்க மனசு வருல, வேற எடுத்தோம். தாலி கட்டுனதும் உங்கிட்டக் குடுத்தரலாம்னு மூணு பந்தியும் தேடுனேன்."

நான் எந்தப் பந்தியிலும் இல்லை. பஸ்ஸில் இருந்தேன்.

"கையெல்லாம் வார்னிஷ்டா" என்றேன்.

அவனே பிரித்து என் தோளில் போட்டான்.