மாடியில் பிள்ளை படிக்கிறான்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பெரியப்பா மகனுக்குத் திருவனந்தபுரத்தில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம்.
2. எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த மாடி அறையை அவனுக்குக் கொடுத்தார்கள்.
3. ஒரு காலையில் மாமாவைத் தேடிப் போலீஸ் வந்தது. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.
4. மாடி அறை எனக்குக் கிடைத்தது.

மூன்றாவதைத்தான் தெருவே பேசியது. பத்து வயதில் எனக்கு இரண்டாவதும் நாலாவதும்தான் செய்தி.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வாடகை வீடு. மாடியில் ஒரே அறை, அதற்குப் படி வீட்டின் பின்புறம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அண்ணன், அந்தப் பெரியப்பா மகன்தான். அதனால் மேசை விசிறி மாடிக்கு ஏறியது. தொலைக்காட்சி ஊமையாக ஓடியது. நான் சிரித்தால்கூட அம்மா அதட்டுவாள்.

"ஏட்டி, சத்தம் போடாத. மாடில பிள்ளை படிக்கான்."

நானும்தான் படித்தேன். வகுப்பில் முதல் மார்க் வாங்கி வந்தால், "அவ படிச்சிருவா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்காக ஒரு தேங்காய்கூட உடையவில்லை.

வீட்டில் எல்லோரும் கண்காணித்தது மாமாவைத்தான். அம்மாவின் தம்பி. பத்தாம் வகுப்பில் தோற்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தேடி யார் வந்தாலும் அப்பா வாசலிலேயே நிறுத்தி ஊர், வேலை, வந்த காரியம் எல்லாம் கேட்பார். அண்ணனைத் தேடி வந்த நண்பர்களிடம் எதுவும் கேட்டதில்லை. அவர்கள் மாடியேறிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அம்மா வாழைக்காய் வறுத்து என்னிடம் கொடுத்தனுப்புவாள். தட்டை வாங்க மட்டும் கதவு திறக்கும். அந்த நண்பர்களை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பு அண்ணன் எனக்குக் கணக்குச் சொல்லித் தருவான். விசிறியைப் பிரித்து ஒவ்வொரு பாகமாகக் காட்டுவான்.

"கெட்டுப்போன பார்ட் எதுன்னு கண்டுபிடிச்சு கழட்டி எறிஞ்சிட்டா மிஷின் ஓடும். அவ்வளவுதான்."

பிறகு இதையே நாட்டைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தான். யாரைக் கழற்றி எறிய வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் விசிறியைப் பற்றித்தான் பேசுகிறான் என்று தலையாட்டினேன்.

பரீட்சை முடிந்ததும் என்னைக் கல்லாறுக்குக் கூட்டிப்போய் ஆற்றில் குளிக்க விடுவதாகச் சொல்லியிருந்தான். போனது நண்பர்களோடு. 'ஸ்டடி டூர்' என்றான். நான் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"இவிடுத்தெ பையன் எவிடெ? ஒண்ணு சம்சாரிக்கணும்." வீட்டுப் பையனோடு பேச வேண்டுமாம்.

எந்தப் பையன் என்று கேட்க அப்பாவுக்குத் தோன்றவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே பேசினார். "ஓட்டல்ல இருப்பான் சாரே. நானே கூட்டிட்டு வாறேன். என்னைக்காவது இப்படி வந்து நிக்கும்னு எனக்குத் தெரியும்."

அம்மா அவர்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். மாடில பிள்ளை படிக்கான்" என்றாள். அவர்களும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

நான் கொல்லைப்புறத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான். தோளில் கல்லூரிப் பை.

"கல்லாறுக்கா? என்னையும் கூட்டிட்டுப் போறேன்னியே" என்றேன்.

"இல்லட்டி." என் கையை விரித்துச் சாவியை வைத்தான். "ரூம் இனி உனக்குத்தான்."

வாயைக்கூட ஒழுங்காகக் கொப்பளிக்காமல் மாடிக்கு ஓடினேன். விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்தேன். இங்கே கட்டில், அங்கே என் புத்தகங்கள் என்று அளந்து அளந்து நடந்தேன்.

கீழே நடந்ததை மாமா சொல்லித்தான் பிறகு தெரியும். கையில் மைதா மாவோடு அவரை அப்பா இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார். போலீஸ்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவனோ இன்ஜினியரிங்?" என்று கேட்டாராம்.

"இவனா? பத்தாங்கிளாஸ் தோத்தவன் சாரே!" அப்பா சிரித்தாராம். அவர் மட்டும்தான் சிரித்தாராம்.

"அப்போ மற்றவன். படிக்குந்ந பையன்."

அம்மா கூரையைப் பார்த்தாளாம். "மேலதான் இருக்கான். நடக்கிற சத்தம் கேக்குதுல்ல?"

கதவைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வந்தபோது அண்ணனின் நாற்காலியில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். உதட்டில் பற்பசை. அவர்களில் ஒருவர் விசிறியை நிறுத்தினார்.

மாமா படியில் நின்று கையிலிருந்த மாவை உதிர்த்தார். "அத்தான், பத்தாங்கிளாஸ் தோத்ததுக்கு இன்னைக்குத்தான் பலன் கெடச்சிருக்கு." அப்பா அவரை அடிக்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு மாதக்கணக்கில் வீட்டில் அண்ணன் பேச்சுதான், அண்ணனுக்காக அழுகைதான். இருந்தபோதும் அவன், போனபிறகும் அவனா என்று எனக்கு எரிந்தது. அவன் சேர்ந்த இயக்கத்தின் பெயரை மட்டும் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து, அவன் படித்த அதே பிரிவில் எனக்கும் சீட் கிடைத்தது. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. "கூட யார் யார் படிக்காங்க?" என்றார் அப்பா. நான்கு வருடமும் தினமும் கேட்டார். என் தோழி ஒருத்தி வந்தாலும் அம்மா தட்டோடு மாடியேறி எங்கள் நடுவில் உட்கார்ந்துகொள்வாள். மாமா மட்டும் பழவங்காடியில் எனக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

அண்ணனிடம் நான் கண்டு பொறாமைப்பட்டது விசிறியோ அறையோ இல்லை. யாரும் அவனை எதுவும் கேட்காததைத்தான் செல்லம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அது செல்லம் இல்லை என்பது பத்து வயதில் எனக்குப் புரியவில்லை. அவனுக்காவது புரிந்ததா, தெரியாது.

இன்றைய நிலை: அண்ணனைப் பற்றித் தகவல் இல்லை. மாமா அதே ஓட்டலில் இருக்கிறார். மாடி அறை என்னுடையது. அதன் கதவிலிருந்த தாழ்ப்பாளை அப்பா கழற்றிவிட்டார்.