ஒளிராத துணி

ஒரு முழம் வெள்ளைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போனேன். கதவைச் சாத்தி, சன்னல் இடுக்கில் சாக்கைச் செருகி, கும்மிருட்டில் கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றேன். துணி ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒளிரவில்லை. வெளியே வந்து, படிவத்தில் ‘ஒளிர்வு’ என்று கேட்டிருந்த இடத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் செய்த காரியம் இது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நாள் ஆயிற்று.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருந்த பேண்டேஜ் துணிப் பட்டறையில் அப்போது வேலை பார்த்தேன். தறியிலிருந்து பழுப்பாக வருகிற காடாத் துணியைக் காரம் போட்டு வேகவைத்து, வெளுத்து, அலசி, காயவைத்து, மடித்துப் பெட்டியில் அடைப்பது எங்கள் தொழில். வெளுப்புப் பகுதிக்கு நான் பொறுப்பு. முதலாளி வீரசோழன் ஊர்க்காரர். இளவயதில் குவைத்தில் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர் என்பதால் ஊருக்கெல்லாம் குவைத் பாய், எங்களுக்கு வெறும் பாய். கார் வாங்க வசதி இருந்தும் தினமும் பஸ்ஸில்தான் வருவார். மொடமொடவென்று வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. டீயில் சீனி ஒரு சிட்டிகை கூடினாலும் பட்டறையே அதிரக் கத்துவார். ஐந்து நிமிஷம் கழித்து, கத்தியது யாரோ என்பது போல வந்து குசலம் விசாரிப்பார்.

உக்ரைன் மேல் படையெடுப்பு நடந்து, ஊர் ஊராகக் குண்டு விழுந்துகொண்டிருந்த சமயம். பல நாடுகளிலிருந்து மருந்தும் கம்பளியும் ஜெனரேட்டரும் போலந்துக்கு வந்து சேர, அங்கிருந்த ஓர் உதவிக் குழு அவற்றை எல்லை தாண்டி ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனது. அந்தக் குழுவுக்கு ஒரு கண்டெய்னர் நிறையக் காயத்துணி அவசரமாக வேண்டும் என்று தூத்துக்குடி ஏஜெண்ட் ஒருவர் நாலைந்து பட்டறைகளைக் கேட்டிருக்கிறார். நாள் போதாது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். பாய் மட்டும், எத்தனை நாள் என்றுகூட முழுசாகக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். எவனோ எங்கேயோ அடித்துக்கொள்கிறான், நமக்கென்ன என்று என் கொழுந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். அடுத்தவன் வீட்டுக்குள் ஏறி வருகிறவனையும், வாசலில் நின்று தடுக்கிறவனையும் ஒரே தராசில் வைக்கிற இந்தப் பேச்சு எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. சட்டியை ஓங்கி வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வேகத்தில் செய்ததுதான் தப்பு. உள்ளூர் மருந்துக் கடைகளுக்குத் துணி அனுப்பும்போது கடைசி அலசலில் நீலம் போடுவது எங்கள் வழக்கம். நீலம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்வோமே தவிர, அது பாக்கெட்டில் வருகிற வெண்மைப் பொடி. எங்கள் பக்கத்தில் நீலம் போடாத வெள்ளையை யாரும் வெள்ளை என்று ஒத்துக்கொள்வதில்லை. வேட்டிக்குப் போடுகிறோம், பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடுகிறோம். உயிருக்குப் போராடுகிறவர்களுக்குப் போகிற துணி பளிச்சென்று போக வேண்டாமா என்று நான் இரண்டு கை கூடுதலாகவே போட்டேன். ஆர்டரில் ‘ஒளிர்வு கூடாது’ என்றிருந்ததை, இருட்டில் மினுங்கக் கூடாது என்று புரிந்துகொண்டேன். மினுங்கவில்லைதானே.

சோதனைக் கூடத்துக்கு மாதிரித் துணியோடு நானே போயிருந்தேன். அங்கிருந்த பெண் துணியை ஒரு பெட்டிக்குள் வைத்து ஊதா விளக்கைப் போட்டாள். கோயில் கொடைக்குக் கட்டிய சீரியல் லைட் மாதிரி துணி நீலமாக எரிந்தது. வெண்மைப் பொடி புண்ணுக்குள் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். ஏறிய பொடியை அலசி எடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். வருகிற வழியெல்லாம் பஸ் சன்னலோரம் அழுதுகொண்டே வந்தேன்.

பாய் கத்துவார் என்று எதிர்பார்த்துப் போய் நின்றேன். கத்தவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கப்பலுக்குப் பதினோரு நாள் இருந்தது. காடாத் துணி தறிக்காரர்களிடம் கேட்டால் கிடைக்கும். தண்ணீருக்கு எங்கே போவது? பட்டறை போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர், அதில் வெளுத்தால் துணி வெள்ளையாகாது. பங்குனி வெயிலில் தண்ணி லாரிக்காரர்கள் முகம் கொடுத்தே பேசுவதில்லை. பாய், “உங்க ஊர்ல நல்ல தண்ணிக் கெணறு இருக்குல்ல தாயி?” என்றார்.

என் ஊர் எம்.ரெட்டியபட்டி. நல்ல தண்ணீர்க் கிணறு என் அப்பாவுடையது. அய்யா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அந்தக் கிணற்றை நம்பிக் கோடைப் பருத்தி போட்டிருந்தார். செடி மொட்டுக் கட்டியிருந்த நேரம். அந்த வெயிலில் ஒரு தடவை தண்ணீர் பாய்ச்சத் தவறினாலும் மொட்டு உதிரும் என்பது எனக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். மறுநாள் காலையில் இருவரும் போனோம். நான் செய்த தப்பை நானே சொன்னேன். அய்யா என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்து, அந்த நாட்டுக்காரர்கள் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பாய் அதுவரை யாரிடமும் சொல்லாததை வரப்பில் உட்கார்ந்து சொன்னார். ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கே இருந்தார். கடை போயிற்று, துணிமணி போயிற்று. லாரியிலும் நடையிலுமாக ஜோர்டான் எல்லைக்கு வந்து, பொட்டல் மணலில் கூடாரத்தில் கிடந்தபோது பாதம் வெடித்துச் சீழ் வைத்துவிட்டது. யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா கழுவிக் கட்டுப் போட்டு, பால் டின்னில் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

“அந்தம்மா எந்த நாடுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது அண்ணாச்சி. கால்ல சுத்துன துணி மட்டுந்தான் ஞாபகம்” என்றார். பாதத்தைத் தடவிக்கொண்டே, “குவைத்து நம்ம ஜில்லா மாதிரி சின்ன நாடு. இருந்த எடந் தெரியாம முழுங்கப் பாத்தாக. ஊரு ஒலகமெல்லாம் வந்து நின்னுச்சு. அதனாலதான் இன்னைக்கும் அப்பிடி ஒரு நாடு இருக்கு” என்றார்.

அய்யா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “ரெண்டு தண்ணி தள்ளிப் பாச்சுனா பருத்தி ஒண்ணும் செத்துப் போகாது. மோட்டாரப் போட்டுட்டு வாரேன்” என்றார்.

அது பொய். என் அய்யா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் மோட்டாரைப் போட்டதும் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் இரண்டு பேர், கேட்காமலே தங்கள் கிணற்றையும் திறந்துவிட்டார்கள். ஊர் டிராக்டர்கள் டேங்கரை இழுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. நீலப் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் நான் முதல் நாளே குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். மடிப்புப் பகுதிப் பெண்கள் அலசவும் பிழியவும் வந்துவிட்டார்கள். எங்கள் சீமை வெயிலைத் திட்டாத நாள் கிடையாது. அந்த வாரம் அதைக் கும்பிட்டேன். கொடியில் போட்ட துணி, ஒரு டீ குடித்து வருவதற்குள் காய்ந்து கிடந்தது.

ஏழாம் நாள் பாய், தன் மச்சான் கடையில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருந்த ஊதா விளக்கை வாங்கிக்கொண்டு வந்தார். புதுத் துணியை எடுத்துக்கொண்டு அதே குடோனுக்குள் போனோம். மடிப்புப் பெண்கள், டிராக்டர்காரர்கள், அய்யா எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்தி விளக்கைப் போட்டேன். பாயின் சட்டையும் வேட்டியும் குபீரென்று நீலமாகப் பற்றி எரிந்தன. வீட்டில் நீலம் போட்டுத் துவைத்தவை. ஆள் முகம் தெரியவில்லை, உடுப்பு மட்டும் நின்றது. கையில் இருந்த துணியோ மங்கலாக, செத்தது போலக் கிடந்தது.

“நல்லாப் பாருங்க தாயி, ஒண்ணுந் தெரியலையா?” என்று அந்த நீலச் சட்டை கேட்டது.

“ஒண்ணுமே தெரியல பாய்” என்றேன். ஒன்றும் தெரியாததற்காக இருபது பேர் இருட்டில் கைதட்டிச் சிரித்ததை என் ஆயுசில் வேறெங்கும் பார்க்கப்போவதில்லை. எனக்குச் சிரிப்பு வந்ததும் அன்றைக்குத்தான். சோதனைக் கூடமும் ஒத்துக்கொண்டது. கப்பலுக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கும்போதே கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியது.

கிளம்புகிற அன்று, கணக்குக்கு மேல் சில பெட்டிகளைப் பாய் ஏற்றச் சொன்னார். தண்ணீரும் உழைப்புமாக ஊர் கொடுத்தவை அவை, அவற்றுக்கு விலை கிடையாது என்றார். இலவசப் பெட்டிக்குத் தனிப் படிவம் இருந்தது. கொடுப்பவர் பெயர் கேட்ட இடத்தில் அவர் பெயரை எழுதப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். தண்ணி கொடுத்த ஊர் பெயரை எழுது என்றார். நானும் எழுதினேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில், ஒரு கட்டம் தள்ளி, நாட்டின் பெயரைக் கேட்கிற கட்டத்தில் எழுதிவிட்டதைக் கவனிக்கவில்லை. படிவத்துக்கும் எனக்கும் ஜாதகப் பொருத்தம் அப்படி.

பாய் இப்போது பட்டறைக்கு வருவதில்லை. முழங்கால் வலி, வீரசோழனில் வீட்டோடு இருக்கிறார். நான் வேறு பட்டறையில் வெளுப்பைப் பார்க்கிறேன். இதை எழுதும்போதும் அங்கே சண்டை ஓயவில்லை. ஆனால் முழுங்க வந்தவனால் முழுங்க முடியவில்லை, அந்த நாடு நிற்கிறது. அன்றாடம் செய்தியில் அதன் பெயரைக் கேட்கும்போது, என் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறியது போல நெஞ்சு நிமிர்கிறது. அதை வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் போலந்துக் குழு, உதவிய நாடுகளுக்கெல்லாம் நன்றி சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியது; தூத்துக்குடி ஏஜெண்ட் அதை எனக்கு அனுப்பிவைத்தார். அதைப் பார்த்ததும் பாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். ஆங்கில எழுத்து வரிசையில் இருந்த பட்டியலைக் கிணற்றடியில் வைத்து அய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். லாட்வியா, லிதுவேனியா, லக்சம்பர்க், எம்.ரெட்டியபட்டி, நெதர்லாந்து, நார்வே.

அய்யா மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இதெல்லாம் நாடா என்று கேட்டார். நாடுகள்தான், நம்மூர் மட்டும் நான் கட்டம் மாற்றி எழுதியதால் வந்த தப்பு, இன்றைக்கே எழுதித் திருத்தச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அய்யா பாயைப் பார்த்தார்.

“திருத்தச் சொல்லிராத தாயி” என்றார் அய்யா. “இருந்துட்டுப் போகட்டும்.”