பூஜையில் வைத்த அரம்

எண்பதுகளில் ஓசூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவை சிகிச்சை டாக்டராகச் சேர்ந்த முதல் வருஷம். ஆயுத பூஜையன்று காலை சீனியர் சிஸ்டரோடு எனக்குப் பெரிய சண்டை. ஆபரேஷன் கத்திகளுக்குச் சந்தனம் வைத்து மறுநாள் வரை பூட்டி வைக்க வேண்டுமாம்! "பொட்டு வெக்கணும்னா என் நெத்தியில வைங்க. கத்தியத் தொட்டீங்க, தெரியும் சேதி!" என்று கத்தினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு கம்பெனி வேன் வந்தது. தோரணம் கட்ட ஸ்டூலில் ஏறிய லேத் ஆபரேட்டர் ஒருவர் தவறி, பூஜைக்கு நிறுத்தி வைத்த அரத்தின் மேலேயே விழுந்திருக்கிறார். அதன் கூர்முனை இடது மார்பில் இறங்கியிருந்தது. வெளியே தெரிந்த பாதியில் சந்தனம், குங்குமம். இதயம் துடிக்கத் துடிக்க அதுவும் தலையாட்டியது. பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரும் புடுங்கலையா?"

"பூஜையில வெச்சதுங்க மேடம், நாளைக்குத்தான் தொடணும்," என்றார் கூட வந்த ஃபோர்மேன், திட்டு வாங்கத் தயாராக.

திட்டுவதா! அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இதயத்தின் ஓட்டையை அந்த அரமே அடைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கியிருந்தால் வேனிலேயே கதை முடிந்திருக்கும்.

பெங்களூருக்கு அனுப்பினால் ஜூஜுவாடி தாண்டுவதற்குள் ஆள் போய்விடுவார். நானோ இதயத்தில் தையல் போடுவதைப் படிக்கிற காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டர் தட்டை நீட்டினார். பொட்டில்லாத சுத்தமான கத்திகள்.

விலா இடுக்கில் திறந்து இதய உறையைக் கிழித்ததும் தேங்கியிருந்த ரத்தம் பீறிட்டது. அரத்தை உருவி, அதே நொடி ஓட்டையில் விரலை வைத்தேன். அம்மாடி! விரல் நுனியை ஒரு மனிதரின் இதயம் உதைத்தது. விரலை எடுக்காமலே தைத்தேன். மூன்றாவது தையலில், "நின்னுடுச்சு!" என்று கூவினேன்.

"ஐயோ, எது மேடம்?"

"ரத்தம், சிஸ்டர், ரத்தம்!"

இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

மறுநாள் காலை ஆபரேட்டர் கண் விழித்து மனைவியிடம் தண்ணீர் கேட்டார். அந்தப் பெண் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. நேராகச் சிஸ்டரிடம் போய் நெற்றியை நீட்டினேன்.

"நெத்தி எதுக்கு? அந்த வெரலக் குடுங்க," என்று என் ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சந்தனம் வைத்தார்.

பூஜையில் வைத்த ஆயுதமாயிற்றே! அன்று ரவுண்ட்ஸுக்குக் கூடப் போகாமல், மத்தியானம் வரை கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.