டாக்டர் டன்ஸ்டட் தோற்ற ஆட்டம்

டாக்டர் டன்ஸ்டட்டைப் புதைத்த ஈரம்கூடக் காயவில்லை. எனக்கு முடி வெட்டிக்கொண்டே கிளிஃபர்ட் ஆரம்பித்துவிட்டான்: "நல்ல மனுஷன்தான். ஆனா அந்தக் கடைசி மேட்சைக் கோட்டை விட்டுட்டாரே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபுட்பால், பேஸ்பால், ஓட்டம் மூன்றிலும் எங்கள் கல்லூரிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். டாக்டரான பிறகும் பகலில் வைத்தியம், சாயங்காலம் எங்களுக்குக் கோச்சிங்.

அந்தக் கடைசி ஃபுட்பால் மேட்சில் தலை மோதி விழுந்து எழுந்த நான், எந்தப் பக்கம் என்றே தெரியாமல் எதிரணியோடு போய் நின்றேன். டாக்டர் என்னை வெளியே இழுத்து உட்காரவைத்தார். "அவனை இறக்குய்யா!" என்று ஊரே கத்தியது.

"எனக்குள்ள இருக்கற கோச் இறக்கத்தான் சொல்றான். டாக்டர் விடமாட்டேங்கறான்!" என்று அவர் திருப்பிக் கத்தினார். தோற்றோம். அந்த வருஷமே கோச் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள்.

"டேய் கிளிஃபர்ட், உன் கையில இருக்கற இந்த மண்டைக்காகத்தான்டா அவர் தோத்தாரு. ஒழுங்கா வெட்டு!"