புருவத்தால் சொன்ன பதில்

சவாயித் தீவில் 'ஆமாம்' என்று வாயைத் திறந்து சொல்ல யாரும் சிரமப்படுவதில்லை. புருவத்தை ஒரு தூக்குத் தூக்கினால் போதும். லானுவோலாவுக்கு வந்த வினையே அதுதான்.

மனச்சிதைவு நோய் அவளுக்கு இளம் வயதிலேயே வந்தது. காதுக்குள் கேட்ட குரல்கள் ஊசியில் அடங்கிவிட்டன. ஆனால் எந்த முகத்தைப் பார்த்தாலும் கண் தனியாக, மூக்கு தனியாகத்தான் வந்து சேரும். அதை அவள் ஒரு முகமாகக் கூட்டிப் பார்ப்பதற்குள் புருவம் ஏறி இறங்கியிருக்கும். "குரல் கேக்குதா?" என்று வருஷக்கணக்காகக் கேட்டார்கள். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு மகராசனும் கேட்கவில்லை. அவளே சொன்னபோதும், எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொல்லி, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இதற்குப் பெயர் வைத்தியமாம்!

அத்தை மாலியேவின் கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான். "மீன் டின்னா?" என்பாள். வந்தவர் புருவத்தைத் தூக்குவார். அவள் மறுபடியும் கேட்பாள்.

"கேட்டதையே கேக்குறா மாலியே, கிறுக்கு திரும்பிடுச்சு" என்று ஊரெல்லாம் பேச்சு. பயந்துபோன அத்தை அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஊசியின் அளவு கூடினால் கை நடுங்கும். கை நடுங்கினால் கடை வேலை போய்விடும்.

"அளவைக் கூட்டப் போறீங்களா, சிஸ்டர்?" என்று கேட்டாள் லானுவோலா.

நர்ஸ் எலிசபெத்தா புருவத்தைத் தூக்கினாள்.

"கூட்டப் போறீங்களான்னு கேட்டேன்."

"பாத்தீங்களா, கேட்டதையே கேக்குறா" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, நர்ஸ் அலமாரிப் பக்கம் திரும்பி, அளவைக் கூட்டி மருந்தை ஊசியில் ஏற்றினாள். முதுகைக் காட்டியபடியே, "காலையில சாப்பிட்டியா?" என்றாள்.

லானுவோலா புருவத்தைத் தூக்கினாள்.

"உன்னத்தான். சாப்பிட்டியா?"

மறுபடியும் தூக்கினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சாப்பிட்டியா இல்லியா?"

"ரெண்டு தடவை சொல்லிட்டேன், புருவத்தால." ஆத்திரத்தில் லானுவோலா எழுந்து நின்றுவிட்டாள். "முதுகு காட்டி நின்னா உங்களுக்குத் தெரியல. எனக்கு நேருக்கு நேர் நின்னாலும் தெரியல. நீங்களும்தான் கேட்டதையே கேட்டீங்க. உங்களுக்கும் ஒரு ஊசி போடலாமா?"

நர்ஸின் முகம் சிவந்தது. "மருந்தை ஏத்தியாச்சு. போட்டுடட்டுமா, மாலியே?"

"வேண்டாம்" என்றாள் அத்தை, வெளியே வரிசையில் நின்ற ஊர்க்காரர்களுக்கும் கேட்கும்படி. "பழைய அளவே போடு. அதுக்கு முன்னாடி, அவ கேட்டாளே, அதுக்கு வாயத் திறந்து பதில் சொல்லு."