பதினொரு மணிக்கு வந்த கேதாரகௌளை

விருதுநகரில் கச்சேரி என்று ஒன்று நடந்தால் முதல் வரிசையின் நடுநாற்காலி எனக்கு என்பது பல ஆண்டுகளாக யாரும் கேள்வி கேட்காத ஏற்பாடு. மதுரையில் பொருளாதாரம் படித்துத் தேறி, பின்னர் தந்தையின் பருப்பு மண்டியை ஏற்று நடத்தியவன் நான். சங்கீத சபைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அந்தப் பதவிக்கு ஒருமுறைகூடத் தேர்தல் நடந்ததில்லை, தேவைப்படவில்லை. எந்த நாதஸ்வரக்காரரை அழைப்பது என்று முடிவு செய்யுமுன் கல்யாண வீட்டார் என் வீட்டுக்கு வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்கள். நான் ஒரு ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இராது. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் என்னைப் பற்றிப் பேசப்பட்டவற்றை எடைபோடுகிறவருக்கு, அதற்கு முன் நான் எங்கே நின்றேன் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சபையில் கூட்டம் குறைந்தபோது, இருந்த ரசிகர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். விருதுநகர் வியாபாரிகள், சிவகாசி அச்சகக்காரர்கள், பட்டாசு ஆலை முதலாளிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தோம். மற்ற குழுக்களைப் போல இதுவும் பூங்கொத்துப் படங்களாலும் காலை வணக்கங்களாலும் நாறிப்போகக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு விதி வைத்தேன். இப்போது, இந்த நிமிடத்தில், காதில் ஒலித்துக்கொண்டிருப்பதை மட்டுமே எழுத வேண்டும். பாட்டா வாத்தியமா, என்ன ராகம், வானொலிப் பதிவா கேசட்டா, அவ்வளவுதான். நேற்றுக் கேட்டது வேண்டாம், நாளை கேட்கப்போவதும் வேண்டாம். மெச்சிக்கொள்வதற்காகப் பட்டியல் போடுகிறவர்களை அந்த விதி ஒரே மாதத்தில் வெளியேற்றியது.

தினமும் காலை ஆறு மணிக்கு முதல் செய்தி என்னுடையதாக இருக்கும். குழுவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் உண்டு. நாக்கை அடக்கத் தெரியாதவர். "சேவல் கூட ஒருநா அசந்து தூங்கிரும், அண்ணாச்சி ராகம் தப்பாம வந்துருமே" என்று சபை வாசலில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்ததுண்டு. தப்பாமல் வருவது என் கடமை என்றே எண்ணியிருந்தேன்.

குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேன். ஆமத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். அவருடைய தகப்பனார் கூலிக்குக் களை பறித்தவர். கோயில் கொடைத் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று நாதஸ்வரம் கேட்டே ராகங்களைப் பிரித்தறியக் கற்றவர் இவர். யாரிடமும் பாடம் கேட்டதில்லை. அவரைச் சேர்க்கலாமா என்று இரண்டொருவர் தயங்கியபோது, காது இருக்கிறவர் யாராயினும் வரலாம் என்று முடிவு சொன்னவன் நான். இதை யாரும் இப்போது நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

அந்த ஆலையின் முதலாளியும் எங்கள் குழுவில் இருந்தார். எதுவும் எழுதமாட்டார், எல்லாவற்றையும் படிப்பார்.

ஆவணி மாதம் ஒரு பழைய புல்லாங்குழல் பதிவைக் கேட்டுக்கொண்டே ஆனந்தபைரவி என்று எழுதினேன். சிறிது நேரத்தில் போர்மேனிடமிருந்து பதில் வந்தது. "ஐயா, மேல போறப்ப நிஷாதத்துல ரெண்டு தடவை நின்னு போகுது. ஆனந்தபைரவியில அது வராதுன்னு நினைக்கேன். ரீதிகௌளையா இருக்குமோ?" மீண்டும் கேட்டேன். ரீதிகௌளைதான். அரைமணி நேரத்துக்குள், அவர் சொல்வதே சரி என்று குழுவில் எழுதினேன். வங்கி மேலாளர் உடனே, "அண்ணாச்சியே அவுட்டா!" என்று எழுதி, பக்கத்தில் மூன்று பட்டாசுப் படங்களையும் போட்டார். எனக்கு மனம் சுருக்கென்றது உண்மை. அது அன்று மாலைவரை இருந்தது. அதற்கு மேல் இல்லை.

புரட்டாசியில் பட்டாசு சீசன் உச்சத்தில் இருக்கும். பக்கத்து ஆலை ஒன்றில் விபத்து நடந்திருந்ததால் அந்த ஆண்டு சோதனைக் குழுக்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துகொண்டிருந்தன. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே காவலாளி பீடி, தீப்பெட்டி, கைபேசி மூன்றையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். இந்த வட்டாரத்தில் இது தெரியாதவர் இல்லை. எனக்கும் தெரியும்.

அப்படியொரு நாள் காலை பதினொன்று பத்துக்குப் போர்மேனிடமிருந்து செய்தி வந்தது. "இப்போது: நாதஸ்வரத்தில் கேதாரகௌளை. பழைய வானொலிப் பதிவு. ரிஷபத்தில் நிற்கிற இடத்தில் கண் கலங்கிவிட்டது." இரண்டே வரியில் அவர் எழுதியிருந்த விதம் என்னைத் தொட்டது. யோசிக்காமல் கீழே எழுதினேன்: "வேலை நேரத்திலும் இசையை விடாதவரே மெய்யான ரசிகர். நம் குழுவின் விதிக்கு இவரே இலக்கணம்." மரப்பெட்டி அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வரவில்லை. படித்தவன், பொறுப்பில் இருந்தவன், இதே மண்ணில் பிறந்தவன்; வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் முதலாளி என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா? ஒரு விசயம் கேக்கணும், தப்பா எடுத்துக்கிடாதீக. நம்ம குரூப்புல அந்தந்த நேரத்துல கேக்கிறதைத்தானே போடணும்?"

"ஆமாம். அதுதான் விதி."

"முன்னாடி கேட்டதைப் பின்னாடி போடுறது, அந்த மாதிரி யாரும் செய்யிறது உண்டா?"

அவர் எதற்குக் கேட்கிறார் என்பது அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. "என் குழுவில் அப்படி யாரும் செய்வதில்லை" என்றேன்.

"அம்புட்டுத்தான் அண்ணாச்சி. வாட்ச்மேன், போர்மேன் போன் பெட்டியிலதான் கிடந்துச்சுங்கான். ரெண்டு பேரும் ஒரே ஊரு, வேற எப்படிச் சொல்லுவான்? நீங்க சொன்னா அது சரியா இருக்கும். உள்ள வெடிமருந்து ரூமுல வச்சுப் பாட்டுக் கேட்டிருக்கான். இன்னைக்குச் செக்கிங் வந்திருந்தா என் லைசென்ஸ் போயிருக்கும்."

அவர் வைத்துவிட்டார். நான் திரும்ப அழைக்கவில்லை.

அன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போர்மேன் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"ஐயா, காலைல கம்பெனி வேன்ல வர்றப்ப கேட்டேன். ஆறரை இருக்கும். அங்கனயே டைப் பண்ணி அனுப்பிட்டேன். எங்க பக்கம் டவர் கிடைக்காதுல்ல, போகாமலே நின்னிருக்கு. ஆப் பண்ண மறந்து அப்படியே பெட்டியில போட்டுட்டேன். பதினோரு மணிக்கு எப்பமோ டவர் கிடைச்சு அதுவா போயிருக்கு. நான் அப்ப குடோன்ல லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன்."

"இதை முதலாளியிடம் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேங்கய்யா. 'அண்ணாச்சியே சொல்லிட்டாரு, அவரு குரூப்புல கேக்கிறப்பத்தான் போடுவாங்களாம்'ங்காரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா போதும். சில பேரு முன்னப் பின்ன போடுறதும் உண்டுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன். மக இந்த வருசந்தான் காலேஜுல சேந்திருக்கா."

விதியைத் தளர்த்திச் சொல்ல முடியாது என்றேன். ஒரு செய்தி தாமதமாகப் போவதும், உறுப்பினர் விதியை மீறுவதும் வெவ்வேறு என்றும், இல்லாத வழக்கம் ஒன்றை இருப்பதாக நான் சொல்வது பொய்யாகும் என்றும் விளக்கினேன்.

"பொய்யில்லையேய்யா" என்றார் அவர். குரல் உயரவில்லை. "வைகாசியில மல்லாங்கிணறுல ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தி நீங்க முன் வரிசையில இருந்தீக, நான் உங்களுக்கு ரெண்டு வரிசை பின்னால. ஆறு மணிக்கு 'இப்போது: வீணையில் பைரவி'ன்னு உங்க மெசேஜ் வந்துச்சு. காதுல ஒண்ணுமே மாட்டலை. மண்டபத்துல பேண்டு வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் யாருகிட்டயும் சொல்லலை. பெரியவுக, மனசுக்குள்ள ஓடியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அன்று அது எனக்குத் தெரியவில்லை. மிரட்டலாகவே கேட்டேன். அறுபது ஆண்டுகளாக இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்தவனை, என் வீட்டுக் கூடத்திலேயே நின்று ஒருவர் பொய்யன் என்கிறார் என்றே என் காதில் விழுந்தது. "நீங்கள் போகலாம்" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பைரவியை நான் கேட்கவில்லை. இதை எழுதுவது எனக்கு எளிதன்று. அது மட்டுமன்று; குளிர்ந்த கார்த்திகைக் காலைகளிலும், உடல் நலமில்லாத நாட்களிலும், நினைவிலிருந்தே எழுதி அனுப்பிய செய்திகள் பல உண்டு. முன்னப் பின்னப் போடும் வழக்கம் எங்கள் குழுவில் இருந்தது. அதைத் தொடங்கி வைத்தவனே நான். அதை முதலாளியிடம் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த மனிதரின் வேலை தப்பியிருக்கும். ஒப்புக்கொள்வதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கைபேசியை உள்ளே கொண்டுபோனதாகச் சொல்லப்பட்டவரை அந்த சீசனில் வேறு எந்த ஆலையும் எடுக்கவில்லை. அவர் குழுவிலிருந்து விலகிய வரி திரையில் சாம்பல் நிறத்தில் தோன்றியது. அதன் கீழே ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் எழுதினேன். அன்று உண்மையாகவே கேட்டேன். ராகம் மனத்தில் தங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி ஆள்மூலம் அனுப்பினேன். என் குழுவில் விதி எப்போதும் காக்கப்பட்டதில்லை என்றும், நானே அதை மீறியிருக்கிறேன் என்றும், அந்தச் செய்தியின் நேரத்தை வைத்துப் போர்மேனைக் குற்றவாளியாக்க முடியாது என்றும் தெளிவாக எழுதியிருந்தேன். பதில் தொலைபேசியில் வந்தது.

"லெட்டரைப் பாத்தேன் அண்ணாச்சி. உங்களுக்குப் பெரிய மனசு. ஒருத்தனைக் காப்பாத்த உங்களையே தாழ்த்தி எழுதுறீக. அந்த எடத்துக்கு ஆளு போட்டாச்சு. சீசன் நேரம், என்ன செய்ய?"

உண்மையைச் சொன்னேன் என்று வலியுறுத்தினேன். அவர் சிரித்து, தீபாவளிக்கு ஒரு கிஃப்ட் பாக்ஸ் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

இதற்குள் ஊரில் வேறொரு கதை உருவாகிவிட்டிருந்தது. வங்கி மேலாளர் அதைச் சபை வாசலில் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "ரீதிகௌளைக்குப் பழி வாங்கிட்டீகளே அண்ணாச்சி. அவன் ஒரு ராகத்தைத் திருத்தினான், நீங்க அவன் வயித்துல அடிச்சிட்டீக. முதலாளிக்குப் போனைப் போட்டுக் காட்டிக் குடுத்தீகளாமே?" சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வேடிக்கைப் பேச்சாகப் போயிருக்கும். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஆண்டு இறுதியில் குழுவை நானே கலைத்துவிட்டேன். சபைப் பொறுப்பிலிருந்தும் விலகினேன். என்னை விலக்கினார்கள் என்றும் சொல்கிறார்கள்.

போர்மேன் இப்போது இருக்கன்குடி கோயிலுக்குச் செல்லும் சாலையில் தேங்காய், பூ, சூடம் விற்கிறார் என்று கேள்வி. அங்கே இரண்டு முறை காரில் போனேன். முதல் முறை அவர் கடையில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார். நான் இறங்கவில்லை.

பேசப்படுவதில் எது சரி, எது தவறு என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதினேன். முதலாளியை நான் அழைக்கவில்லை. அவரே என்னை அழைத்தார். ரீதிகௌளைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தத் திருத்தத்தை அன்றே ஏற்றுக்கொண்டேன். நான் பொறாமையால் பேசினேன் என்பது தவறு. கேட்ட கேள்விக்குப் பொய்யான பதிலைச் சொன்னேன். அதைத் திருத்தப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.