விடட்டா?

வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் குடோனில் வாஷிங் மெஷினை ஒற்றை ஆள் தூக்கக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து எண்ணித் தூக்க வேண்டும். இறக்கும்போது ஒருவர் "விடட்டா?" என்று கேட்டு, மற்றவர் "விடு" என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். தினமும் காலையில் எங்களை நிற்கவைத்து சூப்பர்வைசர் இதைச் சொல்வார். நான் கடைசி வரிசையில் நின்று அவரைப் போலவே வாயசைத்துக் காட்டுவேன்.

என் ஜோடியும் என்னைப் போல ஜோகுபாளையத்துக்காரன். ஒன்பது வருடம் ஒன்றாகத் தூக்கினோம். எண்ணுவது நான். "ஒண்ணு, ரெண்டு" வரை ஒழுங்காகப் போவேன். பிறகு "ரெண்டே கால்... ரெண்டரை... ரெண்டே முக்கால்..." என்று இழுப்பேன். குனிந்தபடியே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"குரு, மூணு எப்போ வரும்? ரிட்டயர் ஆறதுக்குள்ள வருமா?" என்பான்.

போன மழைக்காலத்தில் பக்கத்துக் காலி மனையிலிருந்து குடோனுக்குள் ஒரு பாம்பு வந்தது. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதை வைத்து நான் ஒரு வாரம் பிழைத்தேன். யார் காலடியிலாவது கயிற்றைப் போட்டு, "பாம்பு!" என்று கத்துவேன். நாற்பத்தெட்டு வயதில் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள்.

அந்த வாரம் இன்னும் முடிந்திருக்கவில்லை. லாரியிலிருந்து வந்த ஒரு மெஷினை நாங்கள் இடுப்பளவு தூக்கியிருந்தோம். என் கணுக்காலில் ஏதோ வழவழவென்று சுற்றியது. நான் "விடட்டா?" என்று கேட்கவில்லை. விட்டேன்.

பெட்டி அடுக்கின் மேல் எப்படி ஏறினேன் என்று இன்றும் தெரியாது. மேலே நின்று "அம்மா" என்று அலறினேனாம். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. கீழே பார்த்தால், நீல நிறப் பிளாஸ்டிக் பட்டை. பெட்டியைச் சுற்றிக் கட்டி வருவது. வெட்டியதும் குப்பைத் தொட்டியில் போட வேண்டியது. காலையில் அதை வெட்டித் தரையில் போட்டவனும் நான்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் மெஷினைக் கட்டிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாடா ஆச்சு?" என்று இறங்கி வந்து கேட்டேன்.

"முதுகுல டப்புனு ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு குரு. காலு மரத்துப்போச்சு."

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியதும் சூப்பர்வைசரிடம் போனேன். "நான்தான் சார் கைய விட்டுட்டேன்" என்றேன். அதையும் ஜோக் என்றே அவர் முதலில் நினைத்தார்.

இனி அவன் எடை தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தானாக எழுந்து நடப்பானா என்பதை இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மனைவி சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போகும்போது நான் அவனோடு இருப்பேன். முதல் ஞாயிறு, "பாத்ரூமுக்கு மட்டும் கூட்டினு போங்கண்ணா. புடிச்சிக்கினா நாலு அடி வப்பாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கட்டிலருகே முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சூப்பர்வைசர் சொல்லித் தந்தபடியே அவன் அக்குளில் கை கொடுத்தேன். அவர் பேச்சு முழுவதும் எனக்குள் ஏறித்தான் இருந்திருக்கிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவசரமாக முடித்தேன். அவன் எழவில்லை.

"இன்னா குரு, கால், அரை எல்லாம் எங்க போச்சு?"

மறுபடியும் எண்ணினேன். ரெண்டரையோடு நிறுத்திவிட்டேன். ரெண்டே முக்காலை அவன்தான் சொன்னான். எழுந்தான். ஒரு காலிப் பெட்டியைத் தூக்கியது போல இருந்தது. நாலு அடியில் பாத்ரூம் கதவு வந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"விடட்டா?" என்று கேட்டேன்.

அவன் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "விடு" இன்னும் வரவில்லை. நான் பிடித்துக்கொண்டே நின்றேன்.